குடியை விட்டவர் கையில் கலர் பென்சில்: பாலக்கோட்டுத் தங்கைக்கு ஒரு பதில்

பாலக்கோடு பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு தங்கை கேட்டிருந்தார்: "என் வீட்டுக்காரருக்கு 41 வயசு. பெங்களூரில் சென்ட்ரிங் வேலை. பதினெட்டு வருசக் குடி. மறுவாழ்வு மையத்தில் ஒரு மாசம் இருந்துவிட்டு வந்து ஒன்றரை மாசம் ஆகிறது, இன்னும் தொடவில்லை. ஆனால் சாயங்காலம் ஆறு மணி ஆனால் இருப்புக் கொள்ளாமல் வாசலுக்கும் கொல்லைக்கும் நடக்கிறார். மையத்தில் படம் கொடுத்து கலர் அடிக்கச் சொன்னார்களாம். 'அது கொஞ்சம் நல்லா இருந்துச்சு' என்று ஒரு நாள் அவராகவே சொன்னார். வீட்டில் செய்யக் கூச்சப்படுகிறார். மாமியார் 'புள்ளைங்க பண்ற வேலைய இவன் பண்றான், புத்தி பேதலிச்சுப் போச்சா' என்கிறார். இதில் நிஜமாகவே பலன் இருக்கிறதா? இருந்தால் எப்படி ஆரம்பிப்பது?"

பலன் இருக்கிறது, தங்கச்சி. தருமபுரி மாவட்டத்தில் குடிநோயாளிகளுக்கும் அவர்கள் குடும்பங்களுக்கும் பதினான்கு வருடமாக ஆலோசகராக இருக்கிறேன். கலர் பென்சிலை நானும் முதலில் பொழுதுபோக்காக மட்டும்தான் நினைத்தேன். இப்போது வீட்டுக்குக் கிளம்புகிற ஒவ்வொருவர் பையிலும் ஒரு பெட்டி வைத்து அனுப்புகிறேன்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். "கொஞ்சம் நல்லா இருந்துச்சு" என்று அவராகவே சொன்னாரே, அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். குடியை விட்ட முதல் சில மாதங்களில் அவர்களுக்கு எதுவுமே நல்லா இருக்காது. சோறு ருசிக்காது. டிவி ஓடும், கண் அதில் நிற்காது. தூக்கம் அரைகுறை. பதினெட்டு வருடம் சந்தோஷம், துக்கம், களைப்பு எல்லாவற்றுக்கும் ஒரே பதிலைப் பழகிய மூளைக்கு, சின்னச் சின்ன விஷயத்தில் சுகம் காண்பது மறந்துபோயிருக்கும். அது திரும்பப் பல மாதம் ஆகும். அந்த வறட்சிக்கு நடுவில் ஒரு மனிதர் ஒன்றைக் குறிப்பிட்டு நல்லா இருந்தது என்கிறார் என்றால், வழி அந்தப் பக்கம் இருக்கிறது.

இனி ஆறு மணிக்கு வருகிறேன். வெளியிலிருந்து பார்க்க அவர் சும்மா நடப்பதுபோல் இருக்கும். உள்ளே ஒரு படம் ஓடிக்கொண்டிருக்கும். குடி நினைப்பு பெரும்பாலும் சொல்லாக வருவதில்லை, காட்சியாக வரும். கடையின் கம்பி ஜன்னல், பிளாஸ்டிக் டம்ளர், உப்பும் மிளகாய்த்தூளும் தூவிய மாங்காய்த் துண்டு, எதிரே உட்கார்ந்திருக்கும் கூட்டாளியின் முகம். ஒரு காட்சி அடுத்த காட்சியை இழுத்துவரும். நிற்காமல் ஓடினால் கால் தானாகவே செருப்பைத் தேடும்.

இங்கிலாந்தில் பிளைமவுத் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் இதைத்தான் சோதித்தார்கள். மனக்கண்ணில் ஒரு நேரத்தில் கொஞ்சம் படம்தான் பிடிக்கும். கண்ணுக்கு நிஜமாகவே வேறொரு வேலை கொடுத்தால் குடிப் படத்துக்கு இடம் குறையும் என்பது அவர்கள் கணக்கு. 2015-இல் வெளியான ஆய்வில், 31 மாணவர்களை ஒரு வார காலம் அவ்வப்போது மூன்று நிமிடம் டெட்ரிஸ் விளையாட வைத்தார்கள். மேலிருந்து விழும் கட்டங்களைத் திருப்பி அடுக்குவோமே, அந்த விளையாட்டு. சாப்பாடு, காபி, சிகரெட், மது என்று எதன்மீது வந்த தவிப்பாக இருந்தாலும், நூற்றுக்கு 70 என்று இருந்த அதன் வேகம் 56-க்கு இறங்கியது. டெட்ரிஸ் வேறு, கலர் அடிப்பது வேறுதான். ஆனால் கண்ணையும் கையையும் ஒரே இடத்தில் கட்டிப்போடும் வேலை இரண்டிலும் உண்டு. போனில் விளையாடச் சொல்லலாமே என்று கேட்பீர்கள். போனில் அந்தக் கூட்டாளியின் அழைப்பும் வரும். அதனால்தான் நான் தாளைச் சொல்கிறேன்.

தவிப்பு என்பது அலை மாதிரி. ஏறும், உச்சிக்குப் போகும், இறங்கும். பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். அந்த அரை மணியை எதையாவது பிடித்துக்கொண்டு தாண்டிவிட்டால் அன்றைய தினம் தப்பித்தது. கலர் அடிப்பதிடம் நான் எதிர்பார்ப்பது அந்த அரை மணியை மட்டும்தான்.

அதற்காக வெள்ளைத் தாளைக் கொடுத்து "ஏதாவது வரைஞ்சுட்டு இருங்க" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அன்புள்ள வீடுகளில் நடக்கும் தவறு இது. அமெரிக்காவில் 2005-இல் 84 கல்லூரி மாணவர்களிடம் ஒரு ஆய்வு செய்தார்கள். வாழ்க்கையில் மிகவும் பயந்த சம்பவத்தை முதலில் எழுதச் சொல்லி, பிறகு 20 நிமிடம் கலர் அடிக்கவிட்டார்கள். சிலருக்கு மண்டலம் எனப்படும் வட்டக் கோலம், சிலருக்குக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டம் போட்ட தாள், சிலருக்கு வெற்றுத் தாள். கோலமும் கட்டமும் கிடைத்தவர்களுக்குப் பதற்றம் நன்றாகக் குறைந்தது. வெற்றுத் தாள் கிடைத்தவர்களுக்கு அப்படிக் குறையவில்லை. வெற்றுத் தாள் முன்னால் உட்கார்ந்தவர் என்ன வரைவது, எங்கே தொடங்குவது என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. அந்த யோசனை இடைவெளியில் மனம் பழைய இடத்துக்கே ஓடிவிடுகிறது. கோடு போட்டு வைத்திருந்தால் முடிவு செய்ய வேண்டியது நிறம் ஒன்றுதான். மண்டலத்தில் மந்திரம் ஏதும் இல்லை என்பதையும் அதிலிருந்தே புரிந்துகொள்ளலாம், லுங்கிக் கட்டமும் அதே வேலையைச் செய்திருக்கிறது.

அதனால் கடைக்கு ஓடி விலை உயர்ந்த புத்தகம் வாங்க வேண்டாம். உங்கள் வீட்டில் மார்கழிக்கு எடுக்கும் கோல நோட்டு இருக்குமே, அது போதும். 15 புள்ளி 8 வரிசையில் பூ, விளக்கு, மயில் என்று போட்டிருப்பீர்கள் இல்லையா, அந்த மாதிரிப் பக்கங்களாக நாலைந்து எடுத்து, கொஞ்சம் பெரிதாக்கி ஏ4 தாளில் ஜெராக்ஸ் எடுங்கள். சிக்குக் கோலத்தை இப்போதைக்கு விடுங்கள். அதில் கோடு வளைந்து வளைந்து ஓடுவதால், உள்ளே நிரப்ப வாகான அறைகள் குறைவு. ஒரு ரூபாய்க் காசு அளவுக்காவது ஒவ்வொரு அறையும் இருக்கட்டும். ரொம்பப் பொடியான வேலைப்பாடு ஆரம்பத்தில் எரிச்சலைத்தான் கொடுக்கும்.

எரிச்சலுக்கு இன்னொரு காரணமும் உண்டு, அதை யாரும் கவனிப்பதில்லை. அவருக்கு 41 வயது. கிட்டத்துப் பார்வை மங்கத் தொடங்கும் வயது, வெள்ளெழுத்து என்போமே அதுதான். "எனக்கு இதெல்லாம் வராது" என்று தாளைத் தள்ளிவிட்ட நாலு பேரில் ஒருவருக்காவது கோடே சரியாகத் தெரிந்திருக்காது. தாளைக் கை நீட்டித் தூரமாகப் பிடிக்கிறாரா என்று பாருங்கள். அப்படியென்றால் கண்ணைப் பரிசோதித்து ஒரு கண்ணாடி போட்டுவிடுங்கள். நல்ல வெளிச்சத்தில், டியூப்லைட்டுக்கு நேர் கீழே உட்காரட்டும்.

எதால் கலர் அடிப்பது என்பதைக் கையைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். கை இன்னும் நடுங்கினால் மெழுகுக் கிரேயான்தான் சரி. தடியாக இருக்கும், முனை உடையாது, கோட்டைத் தாண்டினாலும் உறுத்தாது. நடுக்கம் நின்றிருந்தால் கலர் பென்சில். கேம்லின், அப்சரா, டோம்ஸ் எதுவானாலும் 12 நிறப் பெட்டி போதும், 48 நிறம் வாங்கித் திணற வைக்காதீர்கள். ஸ்கெட்ச் பேனா தாளின் மறுபக்கம் ஊறும், தீரும்போது கோபம் வரும். பெர்மனென்ட் மார்க்கர் கண்டிப்பாக வேண்டாம். அதன் ஸ்பிரிட் வாடையே நினைப்பைக் கிளப்பிவிடும். தின்னர், ஒயிட்னர், சொல்யூஷன் முகர்ந்து பழகிய பையன்கள் இருக்கும் வீட்டில் அதை உள்ளேயே விடக்கூடாது.

கிருஷ்ணகிரிப் பக்கம் கல் குவாரியில் துளை போடும் வேலை பார்த்த ஒருவர் எங்களிடம் இருந்தார். முதல் நாள் பழுப்பு நிறப் பென்சிலை எடுத்தார். உளியைப் பிடிப்பதுபோல் மொத்த முஷ்டியால் பிடித்தார். தாளில் வைத்ததும் முனை உடைந்தது. சீவிக் கொடுத்தேன், மறுபடி உடைந்தது. மூன்றாவது முறை உடைந்தபோது பென்சிலை மேசையில் வைத்துவிட்டு எழுந்தார். "உட்காருங்கண்ணே" என்று பச்சைக் கிரேயானைக் கொடுத்து, அவர் பக்கத்தில் நானும் ஒரு தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தாமரைக் கோலம். ஒரே ஓர் இதழை எடுத்துக்கொண்டார். முதலில் ஓரத்தை ஒட்டி மெதுவாக ஒரு சுற்று. பிறகு உள்ளே, மேலிருந்து கீழாக, மேலிருந்து கீழாக. தாள் பளபளக்கிற வரைக்கும் அதே இதழில் தேய்த்துக்கொண்டிருந்தார். மூச்சு நீளமாக வர ஆரம்பித்தது எனக்குக் கேட்டது. ரொம்ப நேரம் கழித்துத் தலையைத் தூக்கி "மணி என்னாச்சு?" என்றார். ஆறே முக்கால். தினமும் ஆறு மணியிலிருந்து கேட் பக்கமே பார்த்துக்கொண்டிருந்த மனிதர் அவர்.

அவர் தன் கையாலேயே கண்டுபிடித்ததுதான் முறையும்கூட. முதலில் ஓரம் கட்ட வேண்டும். பிறகு ஒரே திசையில், அழுத்தாமல், கோட்டோடு கோடு சேர்த்து இழுக்க வேண்டும். நிறம் போதவில்லை என்றால் அழுத்துவதற்குப் பதில் அதன்மேலேயே இன்னொரு பூச்சு. உங்கள் வீட்டுக்காரருக்கு இது கைவந்த வேலை. நூல் பிடித்து, மட்டம் பார்த்து, பலகைக்குப் பலகை இடைவெளி விடாமல் அடிக்கிற கை அது. அவரிடம் இதை அப்படியே சொல்லுங்கள். "எனக்கு வரையத் தெரியாதே" என்றால், அமெரிக்காவில் 2016-இல் வெளியான இன்னொரு ஆய்வைச் சொல்லலாம். 39 பேர் 45 நிமிடம் தாள், பேனா, களிமண் என்று கையில் கிடைத்ததை வைத்து ஏதோ செய்தார்கள். முக்கால்வாசிப் பேருக்கு உடம்பில் மன அழுத்தத்தைக் காட்டும் கார்டிசால் அளவு குறைந்திருந்தது. முன்பே கலைப் பழக்கம் இருந்தவர், இல்லாதவர் என்று அதில் வித்தியாசம் இல்லை.

நேரம் ரொம்ப முக்கியம். ஆறு மணிக்குத் தவிப்பு வருகிறது என்றால் ஐந்தரைக்கே தாள் விரிந்திருக்க வேண்டும். அலை தலைக்கு மேல் வந்தபிறகு பென்சிலைத் தேடினால் கை போகாது. அதற்கும் முன்னால் வயிற்றுக்கு ஏதாவது கொடுங்கள். பசி, கோபம், தனிமை, அசதி, இந்த நான்கும்தான் பழைய வழிக்கு இழுத்துப்போகிறவை என்று மையத்தில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அவித்த வேர்க்கடலையோ, சுண்டலோ, கொஞ்சம் களி மிச்சம் இருந்தால் மோரில் கரைத்தோ கொடுத்துவிட்டு உட்காரச் சொல்லுங்கள். பசியோடு கலர் அடித்துப் பயன் இல்லை.

சனிக்கிழமையைத் தனியாகச் சொல்ல வேண்டும். சென்ட்ரிங் ஆட்களுக்கு வாரக் கூலி கையில் விழுகிற நாள். பெங்களூருக்கு அவர் வேலைக்குத் திரும்பும்போது எனக்குப் பயம் அந்தச் சாயங்காலம்தான். ஷெட்டில் பத்துப் பேர், எட்டுப் பேர் வாங்கி வந்திருப்பார்கள். அங்கே உட்கார்ந்து கோலத்துக்குக் கலர் அடி என்று சொல்ல எனக்கு மனம் வராது, அது நடக்கவும் நடக்காது. சனிக்கிழமை கூலி வாங்கிய கையோடு பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிடட்டும். வர முடியாத வாரம், குடிக்காத ஒருவரோடு வேறு அறையில் தங்கட்டும். பையில் நான்காக மடித்த இரண்டு தாள், ஒரு சின்ன டப்பாவில் ஆறு பென்சில், ஒரு ஷார்ப்னர். பஸ்ஸில் கிருஷ்ணகிரி தாண்டும்வரைக்கும் அது ஓடும். முடிந்தால் இன்னும் இரண்டு மூன்று மாதம் உள்ளூரிலேயே வேலை பார்க்கச் சொல்லுங்கள். கூலி குறையும், தெரிந்துதான் சொல்கிறேன்.

மாமியார் பேச்சுக்கு வருவோம். அந்த அம்மாவும் பதினெட்டு வருடம் பார்த்து நொந்தவர்தான், மகன் எதைச் செய்தாலும் அவருக்குப் பயம். அவரோடு வாதாட வேண்டாம். உங்கள் பிள்ளை பள்ளிக்கூடம் போகிறது என்றால், அது வீட்டுப்பாடம் எழுதும் நேரத்தில் அப்பாவும் பக்கத்தில் உட்காரட்டும். பிள்ளைக்கு ஒரு தாள், அவருக்கு ஒரு தாள். பார்க்கிறவர்களுக்கு அப்பன் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பதாகத்தான் தெரியும், அவர் கூச்சமும் பாதி போய்விடும். குடித்துவிட்டு வரும் அப்பாவைப் பார்த்து அடுப்படிக்குள் ஒளிந்த பிள்ளை, "அப்பா, இந்த நீலத்தைத் தா" என்று கை நீட்டுவதை நான் ஒன்றிரண்டு வீடுகளில் பார்த்திருக்கிறேன். நூறு தடவை ஆலோசனை சொன்னாலும் என்னால் அதைச் செய்துவிட முடியாது.

இது சின்னப்பிள்ளை வேலை என்கிறவர்களிடம் கேட்க எனக்கு ஒன்று உண்டு. நம்ம பக்கத்துத் தெருக்கூத்தில் துரியோதனன் வேஷம் கட்டுகிறவர் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து, தன் முகத்தில் கோடு கோடாக அரிதாரம் தீட்டிக்கொள்கிறார். அந்த நேரத்தில் அவரிடம் யாராவது பேச்சுக் கொடுப்பார்களா? பர்கூர் பக்கம் மல்லப்பாடிப் பாறையில் குதிரைமேல் சண்டையிடும் வீரர்களை வெள்ளை நிறத்தில் தீட்டி வைத்தவர்களும் வளர்ந்த மனிதர்கள்தான்.

நீங்கள் கவனிக்க வேண்டியதும் ஒன்று இருக்கிறது. பக்கத்தில் நின்று "இங்க வெளிய போயிருச்சு பாருங்க", "மயிலுக்கு யாராவது சிவப்பு அடிப்பாங்களா" என்று சொல்லாதீர்கள். அதிகமாகப் புகழவும் வேண்டாம். கேட்காமல் சுவரில் ஒட்ட வேண்டாம். குற்றவுணர்ச்சியோடு இருக்கும் ஒருவருக்குப் பாராட்டும் சில நேரம் குத்தும். அவர் அடிக்கிற நிறத்தை வைத்து மனதில் இருப்பதைக் கண்டுபிடிக்கிறேன் என்று யாராவது சொன்னாலும் நம்பாதீர்கள். கறுப்பு அடித்தால் அந்தப் பெட்டியில் கறுப்பு கூராக இருந்திருக்கலாம்.

இவ்வளவும் சொன்னபிறகு, இதனால் ஆகாததையும் சொல்லியாக வேண்டும். கலர் பென்சில் குடிநோய்க்கு மருந்து கிடையாது. மருத்துவர் கொடுத்த மாத்திரை, மாதாந்திரப் பார்வை, குடியை விட்டவர்கள் கூடிப் பேசும் ஏ.ஏ. கூட்டம் எதையும் இதற்காக நிறுத்தக்கூடாது. ஒருவேளை அவர் மறுபடி குடிக்க ஆரம்பித்து, பல நாள் தொடர்ந்து குடித்துவிட்டுத் திடீரென்று நிறுத்தினால் வீட்டில் வைத்துப் பார்க்காதீர்கள். கடைசியாகக் குடித்த ஆறெட்டு மணி நேரத்தில் நடுக்கம் தொடங்கும், முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம், இரண்டிலிருந்து நான்கு நாளுக்குள் இல்லாத ஆளும் பூச்சியும் தெரிவதாகச் சொல்லிக் குழம்பலாம். உயிருக்கே ஆபத்து அது. தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, நேராகப் போய்விடுங்கள்.

இன்னொன்று, யாராவது சோற்றில் கலந்து கொடுக்கப் பொடி தருகிறேன் என்பார்கள். வாங்காதீர்கள். குடித்தால் உடம்பு ஒத்துக்கொள்ளாதபடி செய்கிற டைசல்பிரம் என்கிற மாத்திரையை அவருக்குத் தெரியாமல் கலந்து, அவர் வெளியே குடித்துவிட்டால் ரத்த அழுத்தம் சரிந்து உயிர் போகலாம். அவருக்குத் தெரிந்து, மருத்துவர் எழுதிக் கொடுத்துத்தான் அதைச் சாப்பிட வேண்டும்.

கலர் அடிப்பதை விட்டுவிட்டு, யாரோடும் பேசாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாலோ, "நான் இருந்து என்ன பண்ணப்போறேன்" என்ற மாதிரிப் பேச்சு வந்தாலோ, அன்றைக்கே 14416-க்குப் போன் செய்யுங்கள். அரசாங்கத்தின் மனநல உதவி எண், இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், காசு கிடையாது. போதைப் பழக்கத்துக்கென்று 14446 என்ற எண்ணும் இருக்கிறது.

முடித்த தாள்களை என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். ஒவ்வொரு தாளின் பின்பக்கத்திலும் தேதி போட்டு, உட்காரும்போது தவிப்புக்குப் பத்துக்கு எத்தனை, எழும்போது எத்தனை என்று அவர் கையாலேயே இரண்டு எண் எழுதச் சொல்லுங்கள். ஏழு, நாலு. எட்டு, எட்டு. குறையாத நாளும் இருக்கும், அதையும் மறைக்காமல் எழுதட்டும். அன்று என்ன நடந்தது, சாப்பிட்டாரா, யார் போன் செய்தது என்று ஒரு வார்த்தை சேர்த்தால் இன்னும் நல்லது. ஒரு மாதத் தாளைப் பார்த்தால் எந்தக் கிழமை, எந்த நேரம் அவருக்கு ஆபத்து என்று எங்களுக்குப் பளிச்சென்று தெரிந்துவிடும். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது மாத்திரை அட்டையோடு அந்தத் தாள்களையும் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.